ஆதிமன்னரின் தாழி

மேழிநாடு என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அந்நாட்டு மன்னருக்கு இரண்டு ஆசைகள். குடிமக்கள் எல்லோருக்கும் வீடு கட்டித் தர வேண்டும். தம் குலமே அந்த மண்ணில் முதலில் கால் வைத்த குலம் என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே மேட்டில் வந்து முட்டிக்கொண்டதுதான் வினை.

வீடு கட்டத் தேர்ந்த இடம் குடிசைகள் நிறைந்த செம்மண் மேடு. கட்டுவதற்கு முன் தோண்டிப் பார்த்து, தொன்மையான பொருள் கிடைத்தால் காக்க வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. யாரோ வேலையற்றவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆய்வதிகாரி தழலரசன் தோண்டினார். இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மன்னர் குலத்தைவிடப் பல நூறு ஆண்டு மூத்தவை.

அந்த மேட்டில் குடியிருந்தவள் காராயி. இறந்த பிள்ளைகளைத் தாழியில் வைத்துப் புதைப்பது அந்த மேட்டு மக்களிடம் இன்றும் உள்ள வழக்கம். பெயர்கூட வைக்காமல் பறிகொடுத்த அவளுடைய பெண் குழந்தையும் அங்கேதான் இருந்தாள். தழலரசனிடம் ஓடினாள்.

"எம்புள்ளய மட்டும் தோண்டாம விட்ருங்க சாமி. நாலு வருசந்தான் ஆச்சுங்க."

நாலு வருடத்துத் தாழியைக் காக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் அவர். நல்ல மனிதர்தான், ஆனால் சம்பளம் வாங்குகிறவர்.

அவையில் தொன்மை அமைச்சர் முடிவை அறிவித்தார். மன்னர் குலத்துக்கு முன் இங்கே எவரும் வாழவில்லை. ஆகவே அதற்கு மூத்த தாழி இருக்கவே முடியாது. தோண்டியெடுத்த தாழிகளை உடைத்து அஸ்திவாரத்தில் கொட்டினார்கள். அடுத்த ஆணை, மேட்டின் பூர்வகுடிகளுக்கு மட்டுமே வீடு என்றது. பூர்வகுடி என்று காட்ட முன்னோர் புதைந்த இடத்தைக் காட்ட வேண்டுமாம். முன்னோர் அஸ்திவாரத்தில் கிடந்தார்கள். குடிசைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனார்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

முதல் குலம் என்கிறீர்களே, ஒரு சான்றுகூடவா இல்லை என்று அண்டை நாட்டார் சிரித்தார்கள். மன்னர் உடனே சான்று கேட்டார். மேட்டின் ஓரத்தில், கீறல் விழாத தாழி ஒன்று தோண்டாமல் மிச்சமிருந்தது. ஊரைக் கூட்டி வைத்து அதைத் திறந்த அமைச்சர், ஆதிமன்னர் இவரே என்றார். எலும்புகள் இவ்வளவு சிறியவையாக இருக்கின்றனவே என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

"அக்காலத்து வீரர்கள் உருவத்தில் சிறியவர்கள். புகழில்தான் பெரியவர்கள்" என்றார் அமைச்சர்.

கூட்டத்தில் நின்ற காராயிக்குத் தன் பிள்ளையின் தாழி தெரியாமல் போகுமா? வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அது வெறும் நாலு வருடத்துத் தாழி, அதையும் உடைத்துவிடுவார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். தழலரசன் அவளைப் பார்த்தார். பிறகு, மன்னர் குலத்தின் வயதையே தாழியின் வயதாகச் சான்றளித்தார். பயத்தில் செய்தாரா, இரக்கத்திலா, எனக்குத் தெரியாது.

தாழிக்குப் பளிங்கு மண்டபம் எழுந்தது. ஆதிமன்னர் வென்ற போர்களைச் சுவரெங்கும் தீட்டினார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து வணங்கிப் போகிறார்கள். காராயியும் ஊருக்கு வெளியிலிருந்து நடந்து வந்து அந்த வரிசையில் நிற்பாள். மண்டபத்தில் அழக் கூடாது, மன்னருக்கு அபசகுனம். ஒருநாள் பாவம், அடக்க மாட்டாமல் அழுதுவிட்டாள். காவலாளி வந்து அதட்டினான்.

"எதுக்கும்மா அழுவுற? உள்ள இருக்கறது யாருன்னு தெரியுமா?"

காராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுங்க. ராசாவோட பாட்டனாருங்க."