நகம் வளரும் வேகத்தில் வரும் ஊர்

பெருங்கடலுக்கு அப்பால், அக்கரை நிலத்தட்டின் மேல் கணவனோடும் கருவிகளோடும் வயிற்றுப் பிள்ளையோடும் வீற்றிருந்து, பூமி எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து சம்பளம் வாங்கும் என் அருமை மருமகளுக்கு, இக்கரை நிலத்தட்டின் மேல் தையல்கடை போட்டிருக்கும் உன் தாய்மாமன் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் தையல் மிஷின், எங்கள் இருவரையும் தாங்கும் தரை ஆகிய மூவரும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, உங்களைத் தாங்கும் தரை ஆகியோர் அவரவர் இடத்தில் இருக்கிறீர்களா என்று அறிய ஆவல்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் அம்மாவின் காது உனக்குத் தெரியாததா? நான் கடையில் உட்கார்ந்து உன்னை மனசுக்குள் நினைத்தால், நாலு தெரு தள்ளி வீட்டில் இருந்துகொண்டு "யாருடா, பாப்பாவா லைன்ல?" என்று கேட்கும் காது. இந்தச் சமாசாரம் அந்தக் காதுக்குப் போகக்கூடாது. ஆகவே கடையை உள்பக்கம் தாழ் போட்டு, கட்டிங் மேஜையில் காகிதத்தை விரித்து எழுதுகிறேன். வெளியே ஒரு வாடிக்கையாளர் தன் பேண்ட்டுக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். விஞ்ஞானம் முக்கியமா பேண்ட் முக்கியமா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

விஷயம் இதுதான். உன் பிரசவத்துக்கு அம்மா வருவாள் என்ற நம்பிக்கையை நீ கொஞ்சம் ஓரமாக எடுத்து வை. அவள் வர மாட்டாள் போலிருக்கிறது. அதற்கு அவள் காரணமில்லை, நீயும் காரணமில்லை. விஞ்ஞானமும் நானும் கூட்டாகச் சேர்ந்து செய்த காரியம்.

போன வருஷக் கதை உனக்குத் தெரியும். விசா வாங்கி, பெட்டி கட்டி, அக்காவுக்குத் துணையாக நானும் பெட்டி கட்டி, விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுவரை போய்விட்டு, "செருப்பு கடிக்குதுடா" என்று அவள் திரும்பினாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் டாக்ஸியைக் கூப்பிட்டவன் நான்தான் என்று உன் அப்பா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். சொல்லட்டும். அது தமக்கையின் பாதத்தின்மேல் எனக்குள்ள அக்கறை. எனக்கு விமானம் என்றால் பயம் என்று ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. ஆகாயத்தில் கட்டிப் பறக்கவிட்டாலும் அசராமல் பொத்தானுக்குக் காஜா எடுப்பவன் நான் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வை.

இந்த வருஷம் நீ பிள்ளை உண்டானதும் மறுபடி கூப்பிட்டாய். அவளும் சரி சரி என்றுதான் தலையாட்டினாள். அந்தச் சமயம் பார்த்து நீ ஒருநாள் போனில் உன் வேலையைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். நிலமெல்லாம் பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது, சும்மா இல்லை, நகம் வளர்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று. போனை வைத்தவள் நேரே கடைக்கு வந்தாள். நான் ஒரு கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன், வாயில் குண்டூசிகள். என் எதிரே நின்று, "ஏண்டா, பாப்பா இருக்கிற நிலம் நகருதாமே, அது இந்தப் பக்கம் வருதா, அந்தப் பக்கம் போகுதா?" என்று கேட்டாள்.

மருமகளே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊசி வாயில் இருக்கும்போது பொய் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்திவிட்டுச் சொன்னேன்.

"வருதுக்கா."

அவள் தன் கட்டைவிரல் நகத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள், போய்விட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே உன் அப்பா டிக்கெட் பேச்சை எடுத்திருக்கிறார். "ஊரே கிளம்பி இங்க வர்றப்ப நான் எதுக்குங்க அங்க போகணும்? நான் அந்தப் பக்கம் போக, அது இந்தப் பக்கம் வர, நடுவுல ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிட்டா?" என்று கேட்டிருக்கிறாள். உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே. ஆயுசு பூராவும் கப்பலில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஆபீசில் வேலை பார்த்த மனுஷர், குளத்துப் படகில்கூடக் கால் வைத்ததில்லை. கப்பல் போகும் வழியெல்லாம் தெரியும், இந்தக் கேள்விக்கு வழி தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார். "மச்சான், நீ என்னத்தைச் சொல்லித் தொலைச்சே?"

சொன்னதைத் திரும்ப வாங்குவது என் பரம்பரையில் இல்லை. வாங்குவதற்குப் பதில் விளக்கலாம் என்று முடிவு செய்தேன். உங்கள் வீட்டுச் சமையலறையில் பெரிய பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி ஏடு கட்டவிட்டு, அடியில் மறுபடி தீயை ஏற்றி, "இதோ பாருக்கா, அடியில சூடு, நடுவுல பொங்கி மேல வருது, வந்து ரெண்டு பக்கமும் ஒதுங்குது, ஏடு கிழிஞ்சு ஆளுக்கொரு பக்கமா நகருது பார், இதுதான் உலகம்" என்று கரண்டியை நீட்டிக்கொண்டு நான் பேசப் பேச, உலகம் பொங்கிவிட்டது. அடுப்பு அணைந்தது, மேடை மூழ்கியது, அப்புறம் சமையலறை, அப்புறம் ஹால். பால் வாசனைக்கு வந்த பூனை இத்தனை பாலைக் கண்டு மிரண்டு, குடிப்பதா நீந்துவதா என்று தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. அக்கா துடைப்பத்தோடு நின்று நிதானமாகச் சொன்னாள், "ஏடு ரெண்டும் விலகித்தானே போச்சு? நீ வருதுன்னே."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒருநாள் அவகாசம் தேவைப்பட்டது. மறுநாள் கத்தரியோடு போனேன். ஹாலில் உன் அப்பாவின் உலகப்படம் மாட்டியிருக்கிறதே, ஓய்வு பெற்றபோது ஆபீசில் கொடுத்தது, அதை இறக்கி மேஜையில் விரித்து, உன் கரையையும் எங்கள் கரையையும் பார்த்தேன். மருமகளே, கட்டிங் மாஸ்டர் கண்ணுக்கு அது ஒரு நொடி வேலை. ஒரே துணியில் வெட்டியது. அங்கே துருத்துகிறது, இங்கே உள்வாங்குகிறது, சட்டைக்குக் கை வைத்தால் கைக்குழிக்குள் உட்காருகிற மாதிரி. இதை முதலில் சொன்ன வெள்ளைக்காரர் வானிலை பார்க்கிற உத்தியோகம், மண்ணாராய்ச்சிக்காரர்கள் கூடி நின்று சிரித்தார்கள் என்று நீதானே சொன்னாய். நான் சொன்னபோது உன் அப்பாவும் சிரித்தார். ஆகவே நானும் அந்த வரிசையில்தான் வருகிறேன். சொல்வதோடு நிற்காமல் வெட்டிவிட்டேன். நடுவில் இருந்த கடலை எடுத்துவிட்டு இரண்டு கரையையும் பொருத்தி, கடைக்குக் கொண்டுபோய் மிஷினில் ஒரு தையலும் போட்டுவிட்டேன். நீ சொல்வாயே, இந்தக் கரைப் பாறையின் அடுக்கு அந்தக் கரைப் பாறையில் தொடர்கிறது என்று, கோடு போட்ட துணியை மூட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும் என்று நாங்கள் பார்ப்பதும் அதேதான். சேர்ந்திருந்தது.

உன் அப்பா வந்து பார்த்தார். மேஜையில் கத்தரித்துப் போட்ட நீலக் காகிதத்தைக் கையில் எடுத்தார். "நான் கப்பல் அனுப்பின கடல்டா இது," என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று சொன்னால் மிகை, இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா மட்டும் அந்தத் தைத்த படத்தை எடுத்துப் போய் ஃப்ரிஜ் கதவில் ஒட்டிக்கொண்டாள். நீந்தத் தெரியாத ஏதோ ஒரு பழங்காலப் பிராணியின் எலும்பு இரண்டு கரையிலும் கிடைக்கிறது, நிலம் ஒட்டியிருந்தபோது அது நடந்தே போயிருக்கிறது என்று நான் மேலும் அளந்தபோது, "பாவம், அதுவும் ப்ளேன் ஏறலை பார்," என்றாள்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இப்போது அவளுடைய நடவடிக்கையே சரியில்லை. கட்டைவிரல் நகத்தை வெட்டுவதில்லை. பாத்திரம் தேய்க்கும்போதுகூட அந்த விரலைத் தனியாகத் தூக்கிப் பிடிக்கிறாள். போன மாதம் கடைக்கு வந்து, "சாப்பாட்டு நாற்காலிக்கு இடுப்புல கட்டற மாதிரி ரெண்டு பெல்ட் தைச்சுக் கொடுடா, பக்கிள் வெச்சு" என்றாள். எதற்கு என்றால் "இருக்கட்டும்" என்கிறாள். தைத்துக் கொடுத்தேன். நாற்காலியைக் கொண்டுபோய் வாஷிங் மெஷின் பக்கத்தில் போட்டிருக்கிறாள். உங்கள் வீட்டு மெஷின் கடைசிச் சுற்று சுற்றும்போது நாலு வீட்டு ஜன்னல் ஆடும், தெருவில் போகிற லாரி ஓரங்கட்டி நிற்கும். அந்த நேரம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, காதில் பஞ்சு வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறாள். அழுக்குத் துணி இல்லாத நாளில் துவைத்த துணியையே மறுபடி போட்டு ஓடவிடுகிறாள். ஒருநாள் நான் போனபோது, "பக்கத்துல நீயும் உட்காருடா" என்று இன்னொரு நாற்காலியில் என்னையும் கட்டிப்போட்டாள். மெஷின் நிற்கும்வரை என் பல்வரிசை தாளம் போட்டது. உன் நிலம் வந்து இடிக்கும்போது கீழே விழாமல் இருக்க ஒத்திகை பார்க்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன். உன் அப்பாவைக் கேட்டால் பேப்பரை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். அவருக்கும் கவலை போல.

சிரிக்காதே. போன வாரம் நீ போனில் "வர முடியலேன்னா பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்தாயே, அந்தப் "பரவாயில்ல" இன்னும் ஹால் நடுவில் கிடக்கிறது. எல்லோரும் அதைத் தாண்டித்தான் நடக்கிறோம். அன்றைக்கு அவள் ஃப்ரிஜ் முன்னால் நின்று, நான் போட்ட தையல்மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒரு தரம் தடவினாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவன், குடிக்காமல் திரும்பிவிட்டேன். அவளுக்கு ஆசை இல்லை என்று மட்டும் நீ நினைத்துவிடாதே. ஆசை மலையளவு, பயம் அதைவிட அரைச்சாண் உயரம், அவ்வளவுதான்.

ஆகவே உன்னிடம் நான் வேண்டுவது ஒன்றே ஒன்று. உன் ஆபீஸ் காகிதத்தில், பெரிய முத்திரை வைத்து, "மேற்படி நிலம் வரவில்லை, தள்ளித்தான் போகிறது" என்று உன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. எழுதும்போது மாமா சொன்னது தப்பு என்று எழுதாமல், மாமா சொன்ன பிறகு நிலம் மனசை மாற்றிக்கொண்டது என்று எழுதினால் உனக்குப் புண்ணியமாகப் போகும். இந்தப் பக்கம் பேரப்பிள்ளைக்கென்று ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன், நீலக் கோடு போட்டது, பக்கத் தையலில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அளவு தெரியாது, ஒரு பூனைக்குட்டியை உத்தேசித்துத் தைத்தேன். பார்சலில் அனுப்புகிறேன். அவள் கையால் போட்டுவிட வேண்டிய சட்டை, தபால்காரர் கையால் வரப்போகிறது.

நீ கனமான கருவி எதையும் தூக்காதே. மாப்பிள்ளை தூக்கட்டும். உன் காலடி நிலம் உன் பிரசவம் முடியும்வரையாவது ஆடாமல் அசையாமல் இருக்கக்கடவது. தாயும் பிள்ளையும் நூறு நூறு வருஷம் நகம் வெட்டி வாழ்க.

இப்படிக்கு,
இக்கரையிலிருந்து நகர முடியாத
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் தள்ளுபடி. அதை எழுதி, உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பேண்ட்காரர் போயிருந்தார். உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் உன் அப்பா, அவர் பக்கத்தில் மூன்று பெட்டிகள். மூன்றாவது என்னுடையது. அக்கா போட்டிருந்தது கடிக்காத செருப்பு. உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தது கவலையை இல்லை, டிக்கெட்டை. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியுமாம்.

ஆக, இதை மேகத்துக்கு மேலே உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலுக்கு விமானிதான் பொறுப்பு. உன் அப்பா ஜன்னலோரம், தன் கடல் பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நடுவில். அக்கா பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள், எனக்கும் மாட்டிவிட்டாள். கிளம்பும்போது ஆடிய ஆட்டத்தில், "நம்ம மெஷின் இதைவிட ஆடும்" என்றாள். கொஞ்சம் அடங்கியதும் இந்தக் கடிதத்தை என் பையிலிருந்து உருவி முழுசாகப் படித்தாள். படித்துவிட்டுச் சொன்னாள்:

"தள்ளிப் போகுதுன்னு பாப்பா அன்னிக்கே சொல்லிட்டாடா. நீ என்ன சொல்றேன்னு பார்க்கத்தான் கேட்டேன். வாயிலேர்ந்து ஊசியை எடுத்தே பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா வருதுன்னு நீ சொன்னப்ப நல்லா இருந்துது. கொஞ்ச நாள் அப்படியே இருந்து பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தள்ளிப் போற ஊருக்கு நாமதானே சீக்கிரமா கிளம்பணும்."

இந்த இடத்தில் விமானம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் அவள் கையைப் பிடித்தேனா, அவள் என் கையைப் பிடித்தாளா என்பதில் இரு தரப்புக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அந்த வெட்டாத கட்டைவிரல் நகம் என் மணிக்கட்டில் முழுசாக இறங்கியிருக்கிறது. நீ போன் பண்ணிய நாளிலிருந்து உன் ஊர் எவ்வளவு தள்ளிப் போனதோ, அந்த அளவுக்குத் தடம். கதவைத் தட்டும்போது இந்தக் கடிதத்தையும் கையையும் சேர்த்தே நீட்டுவேன். உன் கருவியை எடுத்து அளந்து பார்.