முற்றத்தைத் தாண்டாத பம்பு

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் பம்பு இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமத் தெம்பில்லாமல் உயிரை விட்டது.

லுத்கார்ட் கெர்க்ஹோஃப்ஸ் அதற்கு ஓர் உதை கொடுத்தார். பெல்ஜியத்தில் லூவன் ஆய்வு நிலையத்தின் விண்வெளிக் கட்டடத்தில் முப்பது வருடமாகக் குப்பை கொட்டுபவர். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டி வந்துவிட்டது.

காரணம் இருந்தது. வெற்றிட அறைக்குள், செங்கல் அளவில், பதினொரு வருடம் உயிரைக் கொடுத்து அவர் செய்த மின்கலம் உட்கார்ந்திருந்தது. அறையின் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு எழுபத்திரண்டு மணி நேரம் அதை ஓட்டிக்காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் முடிவு, செயற்கைக்கோளைக் கட்டும் ப்ரேமன் நகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் மின்கலத்துக்கு ஒதுக்கிய இடத்தில், அதே எடைக்கு ஓர் அலுமினியக் கட்டியை வைத்து அனுப்பிவிடுவார்கள். செயற்கைக்கோளுக்கு எடை சரியாக இருந்தால் போதும். யாருடைய பதினொரு வருடம் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. மார்ச்சில் லுத்கார்டுக்கு ஓய்வு வேறு. இன்னொரு வாய்ப்பு கிடையாது.

ஆக, செவ்வாய் நண்பகலுக்குள் சோதனையைத் தொடங்கியாக வேண்டும்.

"புது பம்பு எப்ப வரும்?" என்று கிடங்குக்கு ஓடினார்.

கிடங்குக்காரர் ஒமேர் ரொட்டிக்கு நடுவில் பாலாடைக்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். "ஆர்டர் போட்டா ஆறு வாரம், மேடம். உங்க அறை அரதப் பழசு. அதுல பம்பு மாட்டற வாய் அளவுக்கு இப்ப யாரும் பம்பு செய்யறதில்ல. சொல்லித்தான் செய்யணும்."

"ஆறு வாரமா? அதுக்குள்ள நானே ஒரு குழாயைப் போட்டு உறிஞ்சிடுவேன்!"

"எதிர்க் கட்டடத்துல ஒண்ணு கிடக்கு. எரிசக்திக்காரங்களோடது. மூணு வருஷமா பெட்டியே பிரிக்கல."

லுத்கார்ட் மழையில் முற்றத்தைத் தாண்டி ஓடினார். நாற்பது மீட்டர். இந்தப் பக்கம் விண்வெளித் திட்டம், அந்தப் பக்கம் எரிசக்தித் திட்டம். இரண்டுக்கும் பணம் தருவது அதே ஐரோப்பிய ஒன்றியம். இரண்டு கட்டடத்துக்கும் காப்பி இயந்திரம்கூட ஒன்றுதான். ஆனால் முப்பது வருடத்தில் அவர் அந்தப் படியை மிதித்தது நான்கைந்து முறை இருக்கும்.

எரிசக்திப் பிரிவின் தலைவர் டீடெரிக், நெட்டை மனிதர், சாது. அவர் அறை மூலையில் பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு கள்ளிச்செடித் தொட்டி. லுத்கார்ட் தொட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அளவைப் படித்தார். வாய் அளவு மில்லிமீட்டர் பிசகாமல் அவருடைய அறைக்குப் பொருந்தியது. அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

"மூணு வருஷமா இதை அடைகாக்கறீங்களா, டீடெரிக்? குஞ்சு பொரிச்சுதா?"

"எடுத்துக்கோங்க லுத்கார்ட். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

"அப்ப ஒரு கை பிடிங்க."

"ஆனா குறிப்பு பதினேழு இருக்கே."

"அது என்ன எழவு?"

டீடெரிக் மனப்பாடமாகச் சொன்னார். "ஒரு திட்டத்தின் பொருளை, அது ஒரு திருகாணியே ஆனாலும், மற்றத் திட்டத்தார் பயன்படுத்தலாகாது. ஒருங்கிணைப்பு அலுவலகம் எழுத்தில் அனுமதித்தால் ஒழிய. மீறினா எங்க திட்டத்தையே மூடிடுவாங்க. கீழ ஒன்பது பேர் வேலை பார்க்கறாங்க, லுத்கார்ட்."

"திருகாணியா! எந்த மடையன் இதை எழுதினது?"

டீடெரிக் அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு காப்பியைக் கலக்கினார். "மடையன்னு சொல்ல முடியாது. வேலை ஜாஸ்தி உள்ளவங்களா இருக்கும். ரெண்டே வரியில முடிச்சிருக்காங்க."

லுத்கார்ட் கிடங்குக்குத் திரும்பி மேசையைத் தட்டினார். "ஒமேர், குறிப்பு பதினேழோட மூலப் பிரதியைத் தேடி எடுங்க. எழுதினது யாருன்னு எனக்குத் தெரியணும். உசுரோட இருந்தா நேர்ல போய்த் திட்டறேன். செத்திருந்தா கல்லறைக்குப் போய்த் திட்டறேன்."

"பழைய கோப்பெல்லாம் நிலவறையில இருக்கு மேடம். ஒரு நாள் ஆகும்."

"ஆகட்டும்."

பிறகு ப்ரஸ்ஸல்ஸுக்குப் போன் போட்டார். ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் ஒட்டாவியோ என்ற இத்தாலியர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் குரலே தழுதழுத்துவிட்டது.

"விண்வெளியும் எரிசக்தியும் கைகோக்கறதா! மேடம், நாங்க இந்த அலுவலகத்தைத் திறந்து ஆறு வருஷமாச்சு. ஒருங்கிணைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்!"

"எனக்குக் கைகோக்க வேண்டாம். ஒரு பம்பு வேணும். 'எடுத்துக்கோ'ன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க."

"ஒரு வரியா? இதை முன்னோடித் திட்டமாவே அறிவிச்சிடறேன்! மூணு நாடு சேர்ந்தா போதும்."

"பம்பு முற்றத்தைத் தாண்டணும், சார். முற்றம் முழுக்க பெல்ஜியத்துலதான் இருக்கு."

"கவலைப்படாதீங்க. ஃபின்லாந்தும் போர்ச்சுகலும் எப்பவும் தயாரா இருப்பாங்க."

"அந்தப் பதினேழைக் கிழிச்சுப் போட முடியாதா?"

"ஐயோ! எங்ககிட்ட இருக்கறதிலயே சிறந்த குறிப்பு அதுதான். ஒரு ஓட்டைகூட கிடையாது. எல்லா ஆய்வு நிலையத்துக்கும் அனுப்பி, இருபத்துநாலு மொழியில பெயர்த்திருக்கோம்!"

லுத்கார்ட் போனை வைத்த வேகத்தில் அதன் மூடி கழன்றது. சட்டமும் வேண்டாம், சாத்திரமும் வேண்டாம் என்று முடிவு செய்தார். மூன்று மணிக்கு டீடெரிக் கூட்டத்துக்குப் போவார். தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு ஒமேரோடு போய், பெட்டியைத் தூக்கி வந்துவிட வேண்டியது.

மூன்று மணிக்கு வண்டியோடு போனால், பெட்டியின் நான்கு பக்கமும் மஞ்சள் ஸ்டிக்கர். 'முன்னோடித் திட்டச் சொத்து. தொடக்கக் கூட்டம் முடியும்வரை யாரும் நகர்த்தலாகாது.' ப்ரஸ்ஸல்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார். நாற்பது மீட்டரை ஒரு பம்பு தாண்ட முடியாத நாட்டில், ஒரு ஸ்டிக்கர் இருபத்தைந்து கிலோமீட்டரை அரை மணியில் தாண்டியிருந்தது.

"காலையில உரிமையாளரோட சம்மதமாவது இருந்துச்சு," என்றார் ஒமேர். "இப்ப இது யாரோடதுன்னே தெரியல."

"கூட்டம் எப்பவாம்?"

"நாளைக்கு ஒன்பதரைக்கு. ரொம்ப அவசரமா வெச்சிருக்காங்களாம்."

செவ்வாய்க்கிழமை எட்டு மணி ரயிலில் லுத்கார்ட் ப்ரஸ்ஸல்ஸ் போனார். கூட்ட அறையில் பதினான்கு பேர், திரையில் ஃபின்லாந்தும் போர்ச்சுகலும். ஃபின்லாந்துக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. போர்ச்சுகல்காரரின் ஒலி வேலை செய்யவில்லை.

முதல் விஷயம், திட்டத்துக்குப் பெயர் வைப்பது. ஐம்பது நிமிடம். இரண்டாவது, சின்னம் நீலமா பச்சையா. விண்வெளிக்கு நீலம், எரிசக்திக்குப் பச்சை. கலந்தால் யார் மனமாவது புண்படுமா என்று ஆராய்ந்தார்கள். பத்தே முக்காலுக்குக் காப்பி. பதினொன்றேகாலுக்குத் துணைக்குழு அமைப்பது பற்றி ஒரு துணைக்குழு. லுத்கார்ட் நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். தன் வாழ்நாளின் சாரம் லூவனில் ஓர் இரும்பு அறைக்குள் காத்திருக்க, இங்கே ஒருவர் பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று படம் காட்டிக்கொண்டிருந்தார்.

லுத்கார்ட் எழுந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா? பதினொரு வருஷம்! பக்கத்து வீட்டுல சர்க்கரை கேட்டா குடுக்கறாங்களே, அந்த அறிவுகூட இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் இல்லையா? ஒரு பொருள் சும்மா கிடக்கு, இன்னொருத்தருக்கு அது வேணும். குடுத்தா என்ன குறைஞ்சு போகும்? இதுக்கு ஒரு விதி எழுதி வெச்சிருக்கானே, அவன் மனுஷன்தானா?"

பிறகு பதினான்கு பேரும் கைதட்டினார்கள். ஃபின்லாந்துக்காரர்கூடத் தலையசைத்தார்.

"எழுதிக்கோங்க," என்றார் ஒட்டாவியோ, கண்ணைத் துடைத்தபடி. "பயனாளர் மிகுந்த ஈடுபாட்டோடு கலந்துகொண்டார்."

அனுமதி ஒருமனதாகக் கிடைத்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து.

அப்போது மணி பன்னிரண்டு பத்து.

லுத்கார்ட் தாழ்வாரத்தில் நின்று ப்ரேமனுக்குப் போன் செய்தார். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

"உங்க மின்கலத்தோட எடை மூணு கிலோ நானூறுதானே மேடம்?"

"ஆமா."

"நல்லது. அலுமினியக் கட்டி தயாரா இருக்கு. வருத்தமா இருக்கு மேடம்."

பின்னாலேயே ஓடிவந்து பக்கத்தில் நின்ற ஒட்டாவியோவின் காதில் இது விழுந்துவிட்டது. "அலுமினியக் கட்டியா? வழவழன்னு இருக்குமே! நம்ம சின்னத்தைப் பொறிச்சு அனுப்பலாமே மேடம்!"

லுத்கார்ட் அவரை அடிக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே பொறுமையாக இருந்த ஒரே சந்தர்ப்பம் அது.

மூன்று மணிக்கு லூவன் திரும்பினார். அறைக்குப் போய் மின்கலத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நேரே கிடங்குக்குப் போனார். ஒமேர் தூசி படிந்த ஒரு கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று அவர் எதையும் சாப்பிடவில்லை.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது மேடம். ஆனா இப்ப எதுக்கு... வீட்டுக்குப் போங்க. மழை வேற."

"பேரைச் சொல்லுங்க ஒமேர். கண்ணாடியை ப்ரஸ்ஸல்ஸ்லயே விட்டுட்டேன், என்னால படிக்க முடியாது. எனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான். அந்த ஆளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டாத்தான் ராத்திரி தூக்கம் வரும்."

ஒமேர் கோப்பைத் திறந்தார். ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தை ஒரு முறை பார்த்தார்.

"இது விதியா எழுதினதில்ல, மேடம். ஒரு கடிதத்துக்குப் பதில். அதைத்தான் ப்ரஸ்ஸல்ஸ்காரங்க எடுத்து விதியாக்கிட்டாங்க."

"யார் கடிதம்? யார் பதில்?"

"'உங்க பம்பு பழசாயிடுச்சு, உங்க அறைக்குப் பொருந்தற மாதிரியே புதுசா ஒண்ணு செஞ்சு வாங்கிட்டேன், மாசம் ரெண்டு நாள் அந்த அறையை எங்களுக்கு விட்டா போதும்'னு மூணு வருஷம் முன்னாடி டீடெரிக் சார் கேட்டிருக்காரு, மேடம், கீழ பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க."