கதவைத் தட்டாத டிடெக்டர்காரர்

கையில் மெட்டல் டிடெக்டர் இருக்கும், அதை வைத்து மண்ணுக்குள் பழங்காசு தேட ஒரு சாண் நிலம் இருக்காது. இப்படியும் ஒரு மனித இனம் உண்டு. இங்கிலாந்தின் கிழக்கே சஃபக் பக்கம், கோதுமை அறுவடை முடிந்த கையோடு, வயலோரச் சந்துகளில் இவர்களைத் தாராளமாகப் பார்க்கலாம். வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, அடுத்தவன் வயலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். அடையாளம் வேண்டுமா? பட்டாளத்துப் புள்ளிச் சட்டை, முழங்காலில் பஞ்சு வைத்த உறை, இடுப்பில் இரண்டு வகை மண்வெட்டி, கழுத்தில் ஹெட்போன், கிடைப்பதைப் போட்டுக்கொள்ள ஒரு பை, பை நிறைந்துவிட்டால் இன்னொரு பை. யார் கண்ணிலிருந்து ஒளிய இந்தப் புள்ளிச் சட்டை? மண்ணுக்குள் கிடக்கும் பித்தளைப் பொத்தான் இவரைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடுமா?

இந்த நாட்டில் சொந்தக்காரர் இல்லாத மண் ஒரு கைப்பிடி கூடக் கிடையாது. பூங்காவுக்கு நகராட்சி சொந்தக்காரர். தோப்புக்கு யாரோ ஒரு பிரபு. பழைய கோட்டை மேட்டுக்குள் டிடெக்டரோடு கால் வைத்தாலே வழக்கு. மிச்சம் இருப்பது விவசாயியின் வயல். அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், அவர் சரி என்றால் தேடலாம், கிடைப்பதில் ஆளுக்குப் பாதி. விஷயம் அவ்வளவுதான். இதற்குத் தேவை தட்ட ஒரு கை, கேட்க ஒரு வாய். ஆனால் நம்மவர் கடையில் எல்லாவற்றையும் வாங்குவார், இந்த இரண்டு மட்டும் அங்கே விற்கவில்லை.

ஹாக்ஃபீல்டு கிராமத்து ரஸல் கெரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சாது. தெருவில் நாய் வழிமறித்து நின்றால் நாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுற்றிப் போகிறவர். டிடெக்டர் வந்த முதல் வாரத்தில் வீட்டுத் தோட்டத்தைக் குடைந்தார். கிடைத்தது ஆணி, பிறகு ஆணி, பிறகு வளைந்த ஆணி, மனைவி தெல்மா தேடித் தேடி அலுத்துப்போன தேக்கரண்டி ஒன்று. ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் இன்னொரு குழி விழுந்ததும் தெல்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ரஸல், இந்த வீட்ல ஒண்ணு ரோஜா இருக்கணும், இல்ல நீ இருக்கணும். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

அதோடு தோட்டம் போயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பப்பின் பின்னறையில் டிடெக்டர் சங்கம் கூடும். அவரவர் கண்டெடுத்ததை மேஜைமேல் பச்சைத் துணி விரித்துப் பரப்புவார்கள். இந்தச் சங்கத்தில் ஒரு மரியாதை உண்டு. பெண்டாட்டியோடு சண்டையா என்று கேட்கலாம், மூலவியாதி எப்படி இருக்கிறது என்று கேட்கலாம், எந்த வயலில் கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. புதிதாய்ச் சேர்ந்த ரஸலுக்கு இது தெரியவில்லை. டெனிஸ் பார்டுவெல் பரப்பிய வெள்ளிக் காசுகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"எங்க கெடச்சுது டெனிஸ்?"

"தரையில."

அறையே சிரித்தது. டெனிஸ் அத்தோடு விடுகிற ஆளா? "உங்க தோட்டத்துல இந்த வாரம் என்ன வெளைச்சல்? ஆணி நல்லா காய்ச்சிருக்கா?" என்றார். ரஸலும் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. உள்ளுக்குள் மனுஷனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அந்தப் பச்சைத் துணியில், தனக்கென்று அனுமதி கிடைத்த ஒரு வயலிலிருந்து எடுத்த ஏதோ ஒன்றை, ஒரே ஒன்றை, வைத்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது அவருக்கு இல்லை.

எங்கே தேடுவது என்பதில் இவர் புலி, அதையும் சொல்லியாக வேண்டும். பழைய வரைபடங்களை உணவு மேஜையில் விரித்து, ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்து, மறைந்துபோன பாதை எது, தூர்ந்துபோன குளம் எது, இடிந்துபோன சத்திரம் எது என்று பூதக்கண்ணாடியால் மேய்ந்து, கடைசியில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு வயலில்தான் இடைக்காலத்தில் ஆண்டுதோறும் சந்தை கூடியது என்று கண்டுபிடித்தார். சந்தை என்றால் கூட்டம், கூட்டம் என்றால் நெரிசல், நெரிசல் என்றால் கிழிந்த பைகளிலிருந்து விழுந்த காசு. அந்த வயல் யாருடையது என்றும் கண்டுபிடித்தார். மில் பண்ணை, கேரட் என்று குடும்பப் பெயர். வயலிலிருந்து பார்த்தாலே வீடு தெரியும். நீல நிறக் கதவு. போய்த் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

போனார். முற்றத்தில் டிராக்டர் நின்றது, வேலையாய் இருப்பார்கள் என்று திரும்பினார். மறுநாள் டிராக்டர் இல்லை, வெளியே போயிருப்பார்கள் என்று திரும்பினார். ஒரு நாள் திரைச்சீலை மூடியிருந்தது, தூங்குகிறார்கள். ஒரு நாள் திறந்திருந்தது, சாப்பிடுகிறார்கள். மழை பெய்தால் சேறோடு போய் வாசலில் நிற்பது மரியாதையா? வெயில் அடித்தால் அறுவடை நேரத்தில் தொந்தரவு செய்வது மனுஷத்தனமா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். கேட்கத் தெரியாதவருக்குக் கூடம், முற்றம், வானிலை மூன்றும் கோணல்.

நடுவில் ஒத்திகை வேறு. சமையலறையில் தெல்மாவைக் கேரட் அம்மாளாக நிற்கவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தங்கள் நிலத்தின் தொன்மையான வரலாற்றை வெளிக்கொணரும் எளிய முயற்சியில்..."

"கதவச் சாத்திட்டேன்" என்றாள் தெல்மா.

"இன்னும் முடிக்கவே இல்லயே!"

"மதம் மாத்த வந்தவன்னு நெனச்சுச் சாத்திட்டேன். 'உங்க வயல்ல டிடெக்டர் வெச்சுத் தேடலாமா'ன்னு கேளேன் மனுஷா! அவ்வளவுதான? மிஞ்சிப் போனா வேணாம்பாங்க, கடிச்சா தின்னுடுவாங்க?"

வேணாம்பாங்க. அங்கேதான் வலி. கேட்காத வரைக்கும் அந்த வயல் பாதி இவருடையது. கேட்டு இல்லை என்று வந்துவிட்டால்? வரைபடம், படம், பூதக்கண்ணாடி, இரவும் பகலும் கண்ட கனவு அத்தனையும் ஒரே வார்த்தையில் போய்விடும். ஆகவே கேட்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டார். தெல்மா எலுமிச்சை கேக் ஒன்று செய்து, இதைக் கொடுத்துவிட்டுக் கேள் என்று அனுப்பிப் பார்த்தாள். வண்டியைச் சந்து முனையில் நிறுத்தி, நீலக் கதவைப் பார்த்தபடியே ஒரு துண்டு சாப்பிட்டார், தெம்புக்காக. தெம்பு வரவில்லை. கேக் தீர்ந்துவிட்டது.

"குடுத்தியா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்க."

வயது முதிர்ந்த மனுஷர் சொல்கிற பொய்யா இது!

பிறகு ஒரு காலை, அறுத்த தாள் மட்டும் நிற்கும் அந்தச் சந்தை வயலின் கேட்டில் சாய்ந்துகொண்டு ஒருவர் நின்றார். மெழுகு பூசிய கோட்டு, தட்டைத் தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கைத்தடி, காலடியில் ஒரு நாய். வயலைத் தன் பரம்பரைச் சொத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ரஸலுக்குத் தெய்வமே இறங்கி வந்த மாதிரி. கதவில்லை, தட்ட வேண்டாம், ஆள் தானாக வெளியே நிற்கிறார்! வண்டியிலிருந்து இறங்கி ஓடினார்.

"அழகான காலை" என்றார் ரஸல்.

"சாயங்காலம் மழை வரும்னாங்க" என்றார் அவர்.

எதற்கும் முன்னால் வானிலை பேசுகிற ஆங்கிலேய சாஸ்திரம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வரலாம்.

"இந்த வயல்ல கொஞ்சம் டிடெக்டர் வெச்சுத் தேடிப் பாக்கலாம்னு... உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா..."

"எனக்கா? எனக்கென்னங்க ஆட்சேபணை? தாராளமாப் பாருங்க."

"குழியெல்லாம் சுத்தமா மூடிடுவேன். கெடைக்கறதுல பாதி உங்களுக்கு."

"பாதியா!" அவர் முகம் மலர்ந்தது. "அடேயப்பா, ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு."

கைகுலுக்கிக்கொண்டார்கள். இந்த வயல் உங்களுடையதுதானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிக் கேட்பது? பரம்பரை நிலக்காரரைப் பார்த்து "நீங்கள்தான் சொந்தக்காரரா?" என்று ஒரு நாகரிகமான ஆங்கிலேயன் கேட்பானா? அதைவிட அவர் தொப்பியைத் தட்டிவிடலாம். அதோடு, உள்ளதைச் சொன்னால், நல்ல பதில் ஒன்று கிடைத்துவிட்ட பிறகு அதைக் கிளறிப் பார்க்க ரஸலுக்கு மனசில்லை.

மதியம்வரை வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடியும் பீர் டப்பா வளையமுமாக வந்தது. ரஸலுக்கு அதுவே ஆனந்தம். அனுமதி வாங்கிய வயலின் பீர் டப்பா வளையம்! பிறகு ஹெட்போனில் சின்னதாய், தெளிவாய் ஒரு சத்தம். மண்டியிட்டு ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்து விரலால் உதிர்த்தார். மீன் செதில் மாதிரி மெலிசாக ஒரு வெள்ளிக் காசு. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் கிரீடம் வைத்த ராஜா, குழந்தை வரைந்த முகம்போல இரண்டு புள்ளிக் கண். சந்தைக்கு வந்த எவனோ தொலைத்துவிட்டுத் தேடி வயிறெரிந்து போன காசு. எழுநூறு வருஷமாய் யார் கையும் படாதது இப்போது ரஸல் கெரிட்ஜின் உள்ளங்கையில் இருந்தது. அவர் அழுதுவிட்டார். கேலிக்கு இங்கே இடமில்லை, அந்த அழுகை உண்மையானது.

கண்ணைத் துடைப்பதற்குள் நாலு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று வயலைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வந்து நின்றது. கிழிந்த நீல வேலையுடுப்பில் எண்ணெய்க் கறையோடு ஒரு பெண்மணி இறங்கினாள்.

"யாருய்யா நீ? என் வயல்ல என்ன நோண்டிக்கிட்டிருக்க?"

"உங்க வயலா? இல்லங்க மேடம், சொந்தக்காரர் காலைல அனுமதி குடுத்துட்டாரு."

"எந்தச் சொந்தக்காரர்? இது ஹேஸல் கேரட் வயலு. அந்த ஹேஸல் நான்தான்."

"தொப்பி போட்டவருங்க. கைத்தடி, ஒரு நாய்..."

ஹேஸல் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அந்தாளா! கேரவன் வண்டி முகாம்ல லீவுக்குத் தங்கியிருக்கற பல் டாக்டருய்யா அவரு, பர்மிங்ஹாம்லேர்ந்து வந்திருக்காரு. அந்தக் கோட்டும் தொப்பியும் போன வாரம்தான் கடையில வாங்கினாரு. கேட்டிருந்தா என் டிராக்டரையும் தூக்கிக் குடுத்திருப்பாரு, நல்ல மனுஷன்."

பல் டாக்டர் மேல் தப்பில்லை. அவருக்கு ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றார். பொய்யா சொன்னார்?

ரஸலின் காது சிவந்தது. அனுமதியில்லாமல் எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. கையை நீட்டி, காசை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதென்ன, பொத்தானா?" என்று கேட்டாள் ஹேஸல். பதிலுக்குக் காத்திராமல் அதைச் சணல் கயிறும் திருகாணியும் கிடந்த சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு மூடிய குழிகளைக் காலால் அழுத்திப் பார்த்தாள். குழி இருந்த இடமே தெரியவில்லை. அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்க. போலீஸ் கீலீஸ்லாம் கூப்பிட மாட்டேன், பயப்படாத. ஆனா வீடு அதோ தெரியுது, கதவு இருக்கு. வந்து தட்டிக் கேக்கறதுக்கு என்னய்யா கேடு? ஹும், கேக்காதவங்களுக்கு நான் எதுவும் குடுக்கறதில்ல." வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?"

ஐயா, அம்மா, வாசகர்களே! இதைவிட ஒரு வாசல் எப்படித் திறக்கும்? சொந்தக்காரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். குழி மூடியதைப் பாராட்டிவிட்டாள். சாவியைத் திருகாமல் இவர் வாயைப் பார்க்கிறாள். தட்டக் கதவுகூட இல்லை. ஒரு வார்த்தை போதும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ரஸல் வாயைத் திறந்தார்.

"மழை வராது போலிருக்கு" என்றார்.

ஹேஸல் வானத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் டெனிஸ் பார்டுவெல் அந்த நீலக் கதவைத் தட்டினார். ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் சந்தை வயல் அவருடையதாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பச்சைத் துணியில், மீன் செதில் மாதிரி மெலிசான வெள்ளிக் காசுகள் வரிசையாக அமர்ந்திருந்தன. ரஸல் எல்லாருக்கும் முன்னால் எழுந்துபோய் டெனிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

என்ன, சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கலாமா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்? இந்த வரன் சரியா என்று மாமாவைக் கேட்டீர்கள், ஜோசியரைக் கேட்டீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டீர்கள், எல்லாரும் தாராளமாகச் செய்யுங்கள் என்றார்கள். அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா? சரி, சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்பது நியாயம்தானே என்று உங்கள் மனைவியிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? அவள்தான் உங்கள் முதலாளியா? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். இன்றைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்திதான், இல்லையா?