வெங்காயக் கண்ணும் தாய்மாமன் மடியும்

திருமங்கலம் பக்கம்
27-8-81, வியாழன் காலை

மதிப்புக் குறையாத மாப்பிள்ளை தவசி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் நல்லகாமன் கிழக்கே பார்க்க உட்கார்ந்து எழுதுவது. இங்கே நான், வீட்டுக்காரி ஒச்சாயி, மாடு, கன்று அனைவரும் சௌக்கியம், என் கண் இரண்டைத் தவிர. அங்கே மெட்ராஸில் நீங்களும் தங்கச்சி செல்லக்கிளியும் என் மருமகப்பிள்ளையும் கண்ணும் காதும் உட்பட நலமாக இருக்க நம் கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறேன். காதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கடிதமே அந்தக் காதைப் பற்றியதுதான்.

மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிற காதுகுத்தை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப் போடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ள முடியாது என்று அந்த ஆண்டிச்சாமி மடியில் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். அவன் என் பெரியம்மா மகன்தான், செல்லக்கிளிக்கு அவனும் அண்ணன் முறைதான், சைதாப்பேட்டையில் உங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான், எல்லாம் சரி. ஆனால் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது, பெரியம்மா மகன் மடியில் வைத்துக் காது குத்தினால் ஊர் என்ன பேசும்? அவன் மடி என்ன மடி? குறுக்கே ஒரு துண்டைப் போட்டால் துண்டுக்கே இடம் பத்தாது. பிள்ளை வழுக்கி விழுந்துவிடும்.

நீங்கள் பிளேன் டிக்கெட் அனுப்பியும் நான் ஏன் வந்து சேரவில்லை என்று செல்லக்கிளி இந்நேரம் பத்ரகாளியாக நிற்பாள் என்று எனக்குத் தெரியும். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நியாயத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ப் பேரை வைத்த கண்வலி இந்தப் பக்கமும் வந்துவிட்டது. உலகம் பூராவும் சுற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறதாம், ரேடியோவில் சொன்னார்கள். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கண்டக்டர், பயணி, சர்பத் விற்கிறவர் என்று எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமாக்காரர்கள் மாதிரி நிற்கிறார்கள். நம் ஊருக்கு இன்னும் வரவில்லை. வருமுன்னே சொட்டு மருந்து விட சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வரப்போகிறார்கள் என்று நேற்று புதன்கிழமை விடிந்ததும் ஒரு பேச்சு கிளம்பியது. ஜீப் என்றதும் ஊரே டீக்கடையில் கூடிவிட்டது. எமர்ஜென்சி சமயத்தில் இப்படித்தான் ஒரு ஜீப் வந்து, டீக்கடை முத்திருளனுடைய சித்தப்பாவை "சும்மா செக் பண்ணத்தான்" என்று ஏற்றிக்கொண்டு போய், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை முடித்து, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்து அனுப்பினார்கள். மனுஷனுக்கு அப்போதே பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. வாளியும் ரெண்டே மாசத்தில் ஓட்டை. அன்றிலிருந்து காக்கிச் சட்டை எதைச் சொன்னாலும் நாங்கள் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். எனக்கு உயிரே போனாலும் சர்க்கார் சொட்டு இந்தக் கண்ணில் விழாது, இது கருப்பசாமி மேல் ஆணை.

முத்திருளன்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தான். "அண்ணே, அது கண்ணு மருந்து இல்லண்ணே. கண்ணு வழியா உள்ள எறங்கி, அன்னைக்கு ஆபரேஷன்ல செஞ்சதை இன்னைக்குச் சொட்டுல செஞ்சுரும். கத்தியே வேணாம் அவிங்களுக்கு" என்றான். சரி, அப்போது கண்வலிக்கு என்ன காப்பு என்று கேட்டதற்கு அவனே ஒரு மருந்தும் சொன்னான். சின்ன வெங்காயத்தையும் இஞ்சியையும் தட்டிப் பிழிந்து, வடிகட்டி, கண்ணுக்கு ஒரு சொட்டு. ஏற்கெனவே மருந்து விட்ட கண்ணில் சர்க்கார் மருந்தை விட மாட்டார்கள், கண்வலிக் கிருமியும் கிட்டே வராது, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்றான். ஒச்சாயி, "இந்தாய்யா, வெமானத்துக்குப் போற நேரத்துல உனக்கு எதுக்கு இந்த வேலை? அவன் டீயவே குடிக்க முடியாது, அவன் மருந்து ஒரு கேடா?" என்றாள். பொம்பளை பேச்சு என்று தள்ளிவிட்டேன். அது ஒரு தப்பு.

காலை எட்டு மணி இருக்கும். டீக்கடை வாசலில் ஆணும் பெண்ணுமாக அம்புட்டு சனமும் வரிசையாக நின்று கண்ணைக் காட்டினோம். விட்டான் பாருங்கள் மாப்பிள்ளை, அம்மாடி! கண்ணுக்குள்ளே அடுப்பை மூட்டிய மாதிரி இருந்தது. கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டுகிறது. மூக்கு ஒழுகுகிறது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, தாங்க முடியலையே" என்று அலறுகிறார்கள். ஆம்பளைகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்புகிறோம். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி, மீசை. இறங்கி வந்து, "இங்க நல்லகாமன்ங்கிறது யாருங்க? அவரைக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். என் பேரைச் சொல்லியே கேட்கிறார் மாப்பிள்ளை! முதல் ஆளே நான்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ தெரியாது. அழுதுகொண்டே முன்னே போய், "நல்லகாமனாங்க? அவரு தவறிட்டாருங்க" என்றேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. "அடடா, எப்பங்க?" என்றார். "இப்பத்தாங்க, விடியக்காலம்" என்றேன். அவர் சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் கண்ணும் மூக்கும் சிவந்து விம்முகிறார்கள். முத்திருளன் வேறு சமயம் தெரிந்து, "தங்கமான மனுசன்!" என்று ஓவென்று கத்தினான். அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார். "ரொம்ப நெருக்கம்ங்க" என்றேன். என் தோளைத் தட்டிக் கொடுத்து, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பைத் திருப்பிப் போய்விட்டார். என் சமயோசிதத்தை ஊரே மெச்சியது. முத்திருளன் சந்தோஷத்தில் எனக்கு ஒரு வடை இலவசமாகக் கொடுத்தான், அவன் வாழ்நாளில் யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை.

ஜீப் மறுபடி வந்துவிடுமோ என்று வண்டிப் பாதையில் போகாமல் கடலைக் காட்டுக்குள்ளே விழுந்தடித்துப் போய்த் திருமங்கலத்தில் பஸ் பிடித்தேன். தலையில் சீர் மூட்டை. தாய்மாமன் சீர் இல்லாமல் வெறுங்கையோடு எப்படி வருவது? கிடாயைத்தான் கொண்டுவர முடியாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால் அரிசி, தேங்காய், வெல்லம், அதிரசம், பிள்ளைக்குப் பட்டுச் சட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் பத்திரமாகத் தங்கக் கடுக்கன். வில்லாபுரத்தில் இறங்கி ஒரு குதிரை வண்டியைப் பிடித்து ஏரோட்ரோம் போய்ச் சேர்ந்தால் உள்ளே இன்னும் பெரிய கூத்து. மூட்டையைத் தராசில் வைத்தார்கள். எடை அதிகம் என்றார்கள். "நான் வேணா மூட்டைய மடியிலயே வச்சுக்கிறேன்" என்றேன், கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே பாதி அதிரசத்தைத் தின்று எடையைக் குறைத்தேன். மீதியை வண்டிக்காரருக்கும் வாசலில் நின்ற போலீஸ்காரருக்கும் கொடுத்தேன். அதே போலீஸ்காரர் பிறகு என் இடுப்பைத் தடவிப் பாக்குவெட்டியை எடுத்துவிட்டார். "இதைக் காட்டி வெமானத்தைக் கடத்துவீங்க" என்கிறார். பாக்குவெட்டியைக் காட்டினால் எந்த பைலட்டு பயப்படுவான்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இதற்குள் விமானம் இன்னும் மெட்ராஸிலிருந்தே கிளம்பவில்லை என்றார்கள், அங்கே மழையாம். ஒரு மணிக்கு வரும் என்றார்கள். பிறகு ரெண்டரை என்றார்கள். பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரு அம்மாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் கொஞ்சிக் கொஞ்சிப் பேசும், எல்லோரும் எழுந்திருப்பார்கள், நானும் எழுந்திருப்பேன், எல்லோரும் உட்காருவார்கள், நானும் உட்காருவேன். ஒருவிதத்தில் நல்லதுதான் என்று நினைத்தேன், ஏனென்றால் கண் சிவப்பு இறங்கிக்கொண்டே வந்தது. கக்கூஸ் கண்ணாடியில் பார்த்தபோது மல்லிகைப்பூ மாதிரி வெளுத்துவிட்டது. அப்போதுதான் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு இருப்பது எனக்கும் தொற்றிவிடுமே! கண்வலியோடு போய்ப் பிள்ளைக்கு ஒட்டவைத்துவிட்டால் என்ன செய்வது? முத்திருளன் வழிக்கென்று ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் கொடுத்து அனுப்பியிருந்தான். பிள்ளைக்காகத்தான் மாப்பிள்ளை, சத்தியமாகப் பிள்ளைக்காகத்தான், கண்ணுக்கு ரெண்டு ரெண்டு சொட்டு விட்டுக்கொண்டேன்.

அடுத்த நிமிஷம் விமானம் வந்து இறங்கிவிட்டது.

வாசலில் ஒரு டாக்டர் நின்று ஒவ்வொருத்தர் கண்ணாகப் பார்த்து அனுப்பினார். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், பளிச்சென்று இருக்கிறது, வெயிலுக்குப் போட்டிருந்தாராம். உள்ளே போய்விட்டார். என் முறை வந்தது. டாக்டர் என்னைப் பார்த்ததுமே ஓர் அடி பின்னால் போய், "பெரியவரே, முத்திப் போச்சே!" என்றார். "ஐயா, இது வியாதி இல்லைங்க, வெங்காயம்" என்றேன். "எல்லாரும் இப்படி ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுத்தான் வர்றாங்க" என்றார். "சந்தேகமா இருந்தா கிட்ட வந்து மோந்து பாருங்கய்யா" என்று முகத்தை நீட்டினேன். அவர் இன்னும் ரெண்டடி பின்னால் போய்விட்டார். நான் சொல்வது அத்தனையும் நிஜம் மாப்பிள்ளை, ஒரு அதிகாரி கூட நம்பவில்லை! கடைசியில் அழுதேவிட்டேன். "என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்துங்கய்யா, நான் மடி கொடுக்கணும்" என்றேன். வெங்காயத்தால் வந்த கண்ணீருக்கும் வயிற்றெரிச்சலில் வந்த கண்ணீருக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, விமானம் என் தலைக்கு மேலேயே பறந்து போனது. மூட்டையோடு வீடு வந்து சேர்ந்தேன். ஒச்சாயி கண்ணைப் பார்த்தாள், சோற்றைப் போட்டாள், அவ்வளவுதான்.

இன்றைக்கும் கண் சிவப்பு மாறவில்லை. பஸ்ஸிலும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ஆகவே மாப்பிள்ளை, எல்லாக் குற்றமும் சர்க்கார் மேல்தானே தவிர என் மேல் ஒரு துளியும் இல்லை என்று செல்லக்கிளியிடம் பதமாகச் சொல்லி, காதுகுத்தைத் தள்ளி வைத்து, என் மடியை எனக்கே காப்பாற்றிக் கொடுங்கள். செல்லக்கிளிக்கு என் அன்பு. மருமகப்பிள்ளைக்கு இரண்டு காதிலும் ஒவ்வொரு முத்தம். ஆண்டிச்சாமிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் கூடப்பிறந்த தாய்மாமன்,
நல்லகாமன்

பி.கு.: கவரில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. நேற்று வந்த அதே ஜீப். பின்பக்கமாக ஓடி வைக்கோல் படப்புக்குள் புகுந்துகொண்டேன். உள்ளே இருந்து கேட்டால், "என்னைய விட்டுட்டுப் போயிட்டியே அண்ணே!" என்று செல்லக்கிளியின் ஒப்பாரி. பிறகு ஒச்சாயி, "என்னடி கிளி, யாருக்கு என்னாச்சு?" என்றாள். "மதினி, பூவும் பொட்டுமா நிக்கிறீங்களே, உங்களுக்குச் சித்தம் கலங்கிப் போச்சா?" என்று இன்னும் கூடுதலாக அழுகிறாள். ஒச்சாயி, "உங்க அண்ணன்தானே? அந்தா படப்புக்குள்ள இருக்காரு" என்றாள். தலை பூரா வைக்கோலோடு சிவந்த கண்ணோடு நான் எழுந்து நின்றதும், ரோஜா மாலையோடு வந்த ஆண்டிச்சாமி மாலையைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த மாலையை மாடு தின்றுவிட்டது. செல்லக்கிளி என்னை முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, கட்டிக்கொண்டு, "பாவி, வெமானம் ஏறப் போறேன்னு சொல்லிட்டு ஒரேடியா மேல போயிட்டியோன்னு நெனச்சேனே!" என்று அழுதாள். நானும் அழுதேன். இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

நீங்கள் மதுரையில் இருக்கும் உங்கள் ஆபீஸ் சிநேகிதரிடம் சொல்லி, என்னை மரியாதையாக ஏரோட்ரோமில் கொண்டுபோய் விடத்தான் ஜீப் அனுப்பினீர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்த டிரைவர் போய்ச் சொன்ன எழவுச் சேதி டிரங்க்காலில் வந்து நீங்கள் எல்லோரும் ராத்திரி ரயிலைப் பிடித்து, மதுரையில் இறங்கி அதே ஜீப்பில் வந்திருக்கிறீர்கள். வந்தது வந்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நம் கருப்பசாமி கோயிலிலேயே காதுகுத்து, என் மடியில், கொண்டுவர முடியாமல் இங்கே நிற்கிற கிடாயே போதும் என்று செல்லக்கிளி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். திருமங்கலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளே சர்க்கார் சொட்டை வாங்கிவரச் செய்து, என் தலைமுடியைப் பிடித்து உட்கார வைத்து, ரெண்டு கண்ணிலும் விட்டாள். குளுகுளு என்று இருக்கிறது. ஆகையால் மேலே நான் போட்ட ஆணையை அடித்துவிடவும், கருப்பசாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் இதை உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன், ஆண்டிச்சாமி மடியைப் பற்றி எழுதியதை மட்டும் அவனுக்குக் காட்ட வேண்டாம். இன்னொரு உதவி, அந்த டிரைவரிடம் நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இலை போட்டு அரைமணி நேரமாகக் கூப்பிடுகிறேன், ஜீப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். "நல்லகாமன் தவறிட்டார்னு நீங்கதானே என்கிட்ட அழுதீங்க? எழவு வீட்டுல நான் கை நனைக்கிறது இல்லைங்க" என்கிறார்.