ஒழுகும் வீடும் மத்திய அரசு மானியமும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் கணவர் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். கூரை மட்டும் நலமில்லை. அங்கு நீங்களும், உங்கள் மனைவியும், புதிதாகக் கட்டிய வீடும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்க இதை எழுதவில்லை. உங்கள் அக்காவுக்கு நீங்கள் நாலு வரி எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீடுகளைப் பழுதுபார்க்கவும் தெருக்களை மேம்படுத்தவும் மத்திய அரசு நம் நகரத்துக்கு மானியம் தருகிறதாம், அன்றைக்கே கூட்டமாம், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாமாம். முப்பது வருடம் குடிநீர் வாரியத்தில் குழாய்க்குப் பின்னாலேயே நடந்தவன் நான். எது எங்கே புறப்பட்டு எங்கே வந்து சேருகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நேரே உள்ளே போனேன். நாற்பது நாற்காலி, மேடையில் மூன்று அதிகாரிகள், பொதுமக்கள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒருத்தராவது வராவிட்டால் கூட்டத்தை மறுபடி நடத்த வேண்டுமாம். "மத்திய அரசு நேரா எங்களுக்கே கொடுக்கலாமே, நடுவுல எதுக்கு நகராட்சி?" என்று கேட்டேன். "எந்தக் கூரை ஒழுகுதுன்னு அங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்றார் நடுவில் இருந்தவர். "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றேன். "வந்து பார்ப்போம்" என்றார். "எப்போ?" என்றேன். இப்படிக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் நம் வீட்டையே பார்க்கச் செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்புவதாக எழுதிக்கொண்டார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து, "அரசாங்கத்துலேர்ந்து ஆள் வராங்க" என்று சொன்னது என் தப்பு. உங்கள் அக்காவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒட்டடை அடித்தாள், ஈரம் ஊறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், விரிசலை மறைத்து உங்கள் கல்யாணப் படத்தை மாட்டினாள், ஒழுகுமிடங்களில் நிரந்தரமாகக் குடியிருந்த வாளிகளையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்து உள்ளே அடுக்கினாள். "அடியே, ஒழுகுறதைக் காட்டத்தானே கூப்பிட்டிருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வர்றவங்க முன்னாடி வாளியை வரிசையா வச்சா என்னைத்தானே பேசுவாங்க? நான் நடத்துற வீடுங்க இது" என்றாள்.

ஆய்வுக்கு ஒரு பெண்மணி வந்தார். அன்றைக்குப் பார்த்துச் சுள்ளென்று வெயில். நாலு பக்கமும் பார்த்தார், டீ குடித்தார், "எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்கக்கா!" என்றார். பூரித்துப் போன உங்கள் அக்கா இரண்டாவது டீ போட்டாள். 'வீடு நல்ல நிலையில் உள்ளது, பழுது ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். மறுநாளே மழை. கட்டிலை நகர்த்திப் போட இனி ஒரு மூலைகூட மிச்சமில்லை. வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர உள்ளுக்குள் பயம்தான்; உத்தரம் உளுத்துவிட்டது, இந்த மழைக்காலத்தைத் தாங்காது. மறுபடி அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொரு மேசையாக விசாரித்ததில், இன்னும் ஒரே ஒரு முறை பார்க்க விதியில் இடம் இருக்கிறதாம். திங்கட்கிழமை வருகிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் விளக்குமாற்றைத் தொடக் கூடாது என்று நீங்கள் எழுதுங்கள். புருஷன் சொன்னால் ஏறாது, தம்பி சொன்னால் வேதவாக்கு.

உங்கள் வீட்டில் அனைவரும் நோய்நொடியின்றி, நனையாமல் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
அக்காள் கணவர்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். திங்கட்கிழமையும் வந்து போய்விட்டது, ஆகவே அக்காவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். வீடு மறுபடி பளபளவென்றுதான் இருந்தது. நான் கைகழுவி விட்டேன். ஆய்வுக்கு வந்த அதே அம்மாள் டீயை வாங்கிக்கொண்டே, "எதிர்வீட்டுத் தையல்காரம்மா வீட்டுல பதினோரு இடத்துல ஒழுகுதுக்கா. இந்தத் தெருவுலயே அதுதான் அதிகம்" என்றார். உங்கள் அக்கா டீத் தட்டைக் கீழே வைத்தாள். "பதினொண்ணா? இங்க வாங்க நீங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மொத்தம் பத்தொன்பது, அதில் ஆறு எனக்கே தெரியாது. மானியம் உறுதியாகிவிட்டது. கூரையை முழுசாகப் பிரிக்கப் போகிறார்கள், வேலை முடிகிறவரை உள்ளே யாரும் குடியிருக்கக் கூடாதாம். விண்ணப்பத்தில் 'அதுவரை தங்குமிடம்' என்ற கட்டத்தில் உங்கள் அக்கா யோசிக்காமல் உங்கள் முகவரியை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். வியாழக்கிழமை காலை வண்டிக்கு வருகிறோம். மூன்று மாதம்தான்.