ஆபீசர் பார்க்க வேண்டிய சுவர்

காலை ஆறு மணிக்கு வைத்தீஸ்வரன் ஷெட்டின் கதவைத் திறந்தார். நான்கு சுவரும் வழவழவென்று பூசப்பட்டிருந்தன.

"சுப்பு! இங்க வா! குடி முழுகிப் போச்சு!"

சுப்புலக்ஷ்மி காபி டம்ளரோடு ஓடிவந்தாள். "எவ்வளவு நன்னாப் பூசியிருக்கான்! இதுக்கா இந்தக் கத்தல் கத்தினேள்?"

"பத்து மணிக்குக் கரெண்ட் ஆபீசர் வரார்டி. செவத்துக்குள்ள போற பைப்பையும் ஒயரையும் கண்ணால பார்த்தாத்தான் கையெழுத்துப் போடுவார். பூசினப்புறம் எதைப் பார்ப்பார்? என் மூஞ்சியையா?"

வைத்தீஸ்வரன் இருபத்தெட்டு வருஷம் பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்த்தவர். அதாவது, மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். தொண்ணூற்றெட்டில் கம்பெனி 'விருப்ப ஓய்வு' என்று ஒரு பெயர் வைத்து ஐந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. யாருடைய விருப்பம் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கையில் கொடுத்ததை அப்படியே போட்டு, சந்தாபுரா வீட்டின் கொல்லைப்புறத்தில் இந்த ஷெட்டைக் கட்டி, இரும்பு கடையும் ஒரு பழைய லேத் மெஷினையும் இறக்கிவிட்டார்.

அத்திபெலேக் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்திருந்தது. ஒன்றாம் தேதி முதல் சரக்கு போக வேண்டும். போகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு இன்னொரு வழி கிடையாது. கரெண்ட் இல்லாமல் லேத் ஓடாது. கையெழுத்து இல்லாமல் கரெண்ட் வராது.

"யாரைக் கேட்டுப் பூசினான் இந்த அர்ஜுனன்?"

சுப்புலக்ஷ்மியின் முகம் தொங்கிப்போயிற்று. "நாளைக்கு ஆடி பொறக்கறதோன்னோ... அதுக்குள்ள பூச்சு வேலையை முடிச்சுடுப்பான்னு நான்தான் ஒரு வார்த்தை சொன்னேன்."

"ஒரு வார்த்தைதானா?"

"தினம் ஒரு வார்த்தை."

முந்தின நாள் இருவரும் ஓசூரில் ஒரு துக்கம் விசாரிக்கப் போய்க் கடைசி பஸ்ஸில்தான் திரும்பினார்கள். அதற்குள் மேஸ்திரி அர்ஜுனன் பூச்சை முடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் வீட்டில் போனும் கிடையாது.

"நேத்துப் பூசினதுதானே, இன்னும் ஈரமாத்தான் இருக்கும். தண்ணி விட்டா ஊறிக் கழண்டுடும்" என்றாள் சுப்புலக்ஷ்மி. செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிற அவசரம் அவளுக்கு.

பன்னிரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். சிமென்டுக்குத் தண்ணீர் விட்டால் இறுகத்தான் செய்யும். பூச்சு ஜம்மென்று இறுகியது. தண்ணீரெல்லாம் சுவிட்சுப் பெட்டிகளுக்குள் புகுந்து, பைப் வழியாக ஓடி, எதிர்ச்சுவரில் ஒழுகியது.

"பேஷ்! இப்போ கரெண்டுக்குப் பதிலா காவேரி வருது" என்று பல்லைக் கடித்த வைத்தீஸ்வரன், உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது அடியில் பைப் உடைந்தது. மூன்றாவதில் ஒயர் அறுந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கை வேலையை மட்டம் தட்டியவருக்குத் தன் கையைப் பற்றி அன்றுதான் தெரிந்தது. எட்டரை மணிக்குள் ஏழு இடத்தில் ஒயர் அறுந்திருந்தது.

"அறுந்த ஒயரை ஆபீசர் பார்த்தா?" என்றாள் சுப்புலக்ஷ்மி.

"இழுத்துப் போட்டுட்டுப் புது ஒயர் விட்டுடலாம். பிடி அந்தப் பக்கம்!"

ஒயர் வரவில்லை. இருவரும் தேர் இழுப்பதுபோல் காலை ஊன்றி இழுத்தார்கள். வந்தது. ஒயரோடு பைப்பும், பைப்போடு பெட்டியும், பெட்டியோடு நாலு செங்கல்லும் வந்தன. ஏற்கெனவே பள்ளம் வெட்டி, தண்ணீரில் ஊறி, உளியடியும் பட்டிருந்த அந்த ஒற்றைச் செங்கல் சுவர் ஒரு கணம் யோசித்தது. பிறகு மொத்தமாகச் சரிந்து லேத்தின் மேல் விழுந்தது.

தூசி அடங்கியபோது மெஷினின் கைப்பிடி முறிந்து தரையில் கிடந்தது. வைத்தீஸ்வரன் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்தார். வேலை போன அன்றுகூட அவர் கண் கலங்கவில்லை. இப்போது மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒன்றாம் தேதி போய்விட்டது, ஆர்டர் போய்விட்டது, இனி யாரிடம் போய் நிற்பது என்பது ஒன்றுதான் அவருக்குள் ஓடியது.

சுப்புலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையிலிருந்த சிமென்டைத் தட்டிவிட்டாள். "அழாதேங்கோ. ஆபீசர் கண்ணுக்கு இப்போ எல்லாமே நன்னாத் தெரியும்."

பத்து அடிக்க ஐந்து நிமிஷம். கேட் கிறீச்சிட்டது. இருவரும் எழுந்து, கசங்கிய துணியை நீவிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு நின்றார்கள்.

வந்தது ஆபீசர் அல்ல. அர்ஜுனன். வெள்ளையடிக்கும் பிரஷ்ஷோடு ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா சார் இது? எவன் சார் இந்த அநியாயத்தைப் பண்ணது?"

"நான்தான்டா!" என்று வைத்தீஸ்வரன் அவன் சட்டையைப் பிடித்தார். "ஆபீசர் வந்து பார்க்கறதுக்கு முன்னாடி யாருடா உன்னைப் பூசச் சொன்னது?"

அர்ஜுனன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"ஆபீசர்தான் சார் பூசச் சொன்னாரு, இன்னிக்கு வேற ஊருக்கு மாத்தலாயிப் போறாராம், அதனால நேத்தே வந்து, எல்லாத்தையும் பாத்து, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."