ஊசிமலை நாடு கடல் கண்ட வரலாறு

வாழ்க, அளவுநாடாவை வெற்றிமாலையாய்ப் பூண்ட மார்பன்! வாழ்க, காதோரம் பென்சில் செருகிய கொற்றவன்! வாரமெல்லாம் தையற்கடையில் பிறர் இடுப்பளந்தும், ஞாயிறு மாலைகளில் சாப்பாட்டு மேசையில் பாரளந்தும் ஓயாத ஊசிமலை நாட்டுப் பேரரசன் புகழைப் பாடப் புகுந்தோம். நாக்கே, பாதியில் காலை வாரிவிடாதே.

அம்மேசைமேல், கண்ணாடித் தகட்டின் காவலில் விரிந்து கிடந்தது அவனும் அவன் மனைவியின் தம்பியும் கற்பனையில் படைத்த வையகத்தின் வரைபடம். கடிகாரம் பழுதுபார்க்கும் அம்மைத்துனனே நொடிக்கரை நாட்டின் வேந்தன். தலைமுறை தலைமுறையாய் நடந்த போர்களையும், கையெழுத்துக் காயுமுன் கிழிந்த உடன்படிக்கைகளையும், நாடு கடத்தப்பட்ட இளவரசர்களையும் இருவரும் வாயாலேயே நடத்தி முடித்திருந்தனர். ஆயினும் நம் நாயகனுக்கு ஆறாத குறை ஒன்றுண்டு. வரைபடம் தீட்டிய அன்று அவன் நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, மைத்துனன் கடல் முழுவதையும் தன் பக்கமே வரைந்துகொண்டான். அன்று முதல் ஊசிமலைக்குக் கடற்கரை கிடையாது.

ஆகா, இந்த ஞாயிறு! எல்லைக்கோடு கடலைத் தொடும் முனையில், செந்நிறமாய், வட்டவடிவாய், டீ மணம் கமழத் திடீரெனத் தோன்றிற்று ஒரு தீவு. தன் மூதாதையர் முத்துக்குளித்த தீவு இதுவென ஊசிமலையான் முழங்க, தன் பாட்டன் சுங்கம் பிரித்த துறைமுகம் இதுவென நொடிக்கரையான் கர்ஜிக்க, உப்புக்குப்பிகள் களிறுகளாகவும் கரண்டிகள் வேற்படையாகவும் இருபுறமும் அணிவகுக்க, செத்து மண்ணான தளபதிகளெல்லாம் சாட்சி சொல்ல எழுப்பப்பட, சமையலறைச் சுவர்வரை அதிர்ந்தது. அந்தச் சத்தம் பொறுக்காமல் நாயகனின் மனைவி வந்து மேசையைப் பார்த்தாள்.

"டீயை யாரு கொட்டினது? கொட்டினவங்களே தொடைச்சு, டம்ளரையும் கழுவி வைங்க."

அக்கணமே நொடிக்கரைப் பெருவேந்தன் வரலாற்றைத் தலைகீழாய்ப் புரட்டினான். தன் குலத்தார் ஒருவரும் அத்தீவில் கால் வைத்ததில்லை என்றும், அங்கே சுங்கம் பிரித்ததாய்ச் சொன்ன பாட்டன் சுத்தப் புளுகன் என்றும் பிரகடனம் செய்தான்.

"அது எப்பவுமே உங்க தீவுதான் மாமா."

ஐயோ, நாயகன் நெஞ்சு பட்ட பாடு! ஒருபுறம் மானம், மைத்துனனின் முழங்கை டம்ளரைத் தட்டியதை அவன் கண்ணாரக் கண்டிருந்தான். மறுபுறம் கடல், அவன் நாட்டு மாலுமிகள் ஆண்டாண்டாய்க் கப்பலைக் கட்டிவைத்துவிட்டு மலையுச்சியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி அலற எழுந்து நின்றான்.

"நான்தான் கொட்டினேன். தீவு என்னோடது. நீ சாட்சி, மாப்ளே."

ஊசிமலையெங்கும் முரசதிர, மலையிறங்கிய மாலுமிகள் ஆனந்தக் கண்ணீர் சொரிய, மனைவி நீட்டிய ஈரத்துணியைச் செங்கோலென ஏந்தி, கடல் கண்ட அக்குலத்தின் முதல் மன்னன் தன் மண்ணில் கொடி நாட்டும் பெருமிதத்தோடு அத்தீவின்மேல் ஒரே இழுப்பாய் இழுத்தான்.

டீ கண்ணாடிமேல்தான் கொட்டியிருந்தது.